பாடம் தப்பினால் பழி யாருக்கு?

இன்று பேச எடுத்துக்கொண்டது துணை மருத்துவப் படிப்பு. கேரளத்தில் 'பாராமெடிக்கல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், கண் பரிசோதனை, பிசியோதெரபி எல்லாம் அதற்குள் அடக்கம். தோப்பும்படியில் இறங்கி எர்ணாகுளம் போகும் வழியெங்கும் இதற்கான விளம்பரப் பலகைகளைப் பார்க்கலாம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பக்கத்தில் விமானப் படம், 'வேலை உறுதி' என்று பெரிய எழுத்து. லேப் டெக்னீஷியனுக்கு ஸ்டெதாஸ்கோப் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் படிப்பில் சேரலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சேரலாம், நல்ல படிப்பு, நாட்டுக்கு வேண்டிய படிப்பு. ஆனால் எந்த நிறுவனத்தில் சேர்வது என்று முடிவெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து. பயிற்சி சரியாக இல்லாவிட்டால் அதன் கெடுதல் யார் மேல் விழுகிறது? கற்றுக்கொடுத்தவர் மேலும் விழுமானால் அது கல்லூரி. அவர் மேல் துளியும் விழாது என்றால், அங்கே எத்தனை ஏ.சி. வகுப்பறை இருந்தாலும் அது சான்றிதழ்க் கடைதான்.

முதலில் அந்தக் கெடுதல் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். கொச்சியை அடுத்த கும்பளங்கியின் மக்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலாபுறமும் காயல், குடிப்பதற்கு மட்டும் குழாயையோ டேங்கர் லாரியையோ எதிர்பார்க்க வேண்டும். 2023 தொடக்கத்தில் பாழூர் பம்ப் ஹவுஸில் மோட்டார் பழுதாகி மேற்குக் கொச்சியே குடத்தோடு தெருவில் நின்றது. அந்த நாட்களில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். டயாலிசிஸ் இயந்திரத்தில் சுத்திகரிப்புக் கரைசல் பெரும்பாலும் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் ஓடும். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரத்தில் மூன்று முறை என்றால் ஒரே நோயாளிக்கு 360 லிட்டர். நாம் குடிக்கும் தண்ணீரில் கோளாறு இருந்தால் வயிறும் குடலும் ஓரளவு தடுத்துப் பார்க்கும். இந்த 360 லிட்டருக்கும் நோயாளியின் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டும். நகராட்சி நீரில் கிருமி கொல்லப் போடும் குளோரினும் குளோரமினும் குடிப்பவருக்குத் தீங்கு செய்வதில்லை. டயாலிசிஸில் நுழைந்தால் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதைப் பிடித்து வைப்பதற்காக ஆர்.ஓ. கருவிக்கு முன்னால் கரித்தொட்டி ஒன்று இருக்கும். அந்தக் கரி எப்போது சோர்ந்துபோகும் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஷிஃப்ட் தொடங்குமுன் டெக்னீஷியன் நீரை எடுத்துச் சோதித்துப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எழுதுவது எளிது, சோதிக்காமலேயே எழுதுவது அதைவிட எளிது. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நீர்த்தேக்கத்திலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. நீலப்பச்சைப் பாசியின் நச்சு அதில் கலந்திருந்தது. சுத்திகரிப்பு அதைத் தடுக்கவில்லை. 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். வறட்சியும் பாசியும் லாரியும் நமக்கும் புதியவை அல்ல.

இன்னொன்று இதைவிடச் சின்னது, தினமும் நடப்பது. ரத்தம் எடுக்கும்போது நீல மூடிக் குழாய், சிவப்பு மூடிக் குழாய், ஊதா மூடிக் குழாய் என்று வரிசை உண்டு. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு இருக்கும். புதிதாக வந்த ஒருவர் சிவப்புக் குழாயில் ரத்தம் குறைந்துவிட்டது என்று ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சமன் செய்கிறார் என்று வையுங்கள். யாருக்கும் தெரியாது; இரண்டும் ஒரே கையிலிருந்து எடுத்த ரத்தம்தானே என்று அவருக்கே தோன்றும். ஆனால் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருக்கும், கால்சியம் இறங்கியிருக்கும். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து, இதயம் நின்றுவிடுமோ என்று அஞ்சி, தேவையில்லாத மருந்தைக் கொடுப்பார். கட்டு இறுக்கி நெடுநேரம் விட்டாலும், சிறிய ஊசியில் வேகமாக இழுத்து ரத்த அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் ஏறி இதே கதைதான். லேபில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி இயந்திரத்துக்குள் நடப்பதில்லை, மாதிரி இயந்திரத்துக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்று அத்துறையின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இயந்திரம் எத்தனை கோடி விலையானாலும் அதற்குள் போவது ஒரு மனிதர் எடுத்த ரத்தம்.

2018-ல் கேரளத்தில் பரவிய நிப்பா வைரஸ் நோயை நினைவுபடுத்துவேன், நீட்ட மாட்டேன். அந்தப் பரவலைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் கதிரியல் பிரிவு நடைவழியில் காத்திருந்தவர்கள் பலருக்கு ஒரே நோயாளியிடமிருந்து நோய் தொற்றியதைக் கண்டார்கள். ஸ்கேனுக்கு யாரை முதலில் எடுப்பது, இருமிக்கொண்டிருப்பவரை எங்கே உட்கார வைப்பது, படுக்கையை எப்போது துடைப்பது என்ற முடிவுகளை அந்த நடைவழியில் எடுப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்லர். இந்த வேலைகளில் எதையும் 'துணை' என்று குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்கில் இருக்கும் சொல் என்பதால் சொல்கிறேன்.

சரி, இப்படிப்பட்ட கைகளை நம் நாடு முன்பு எப்படி உருவாக்கியது? இங்குதான் என் வாதத்தின் வேர் இருக்கிறது. தொழிலுக்காகவே படிப்பது, சிறிய நிறுவனத்தில் படிப்பது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல் படிப்பது என்பதெல்லாம் தாழ்ந்தது என்று நினைப்பவர்கள் தென்னிந்திய மருத்துவ வரலாற்றைப் பார்க்கவில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கு 1946-ல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை அங்கே வளர்த்தெடுத்தார். அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பின், வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த தசையை விரல் நிமிர்த்தும் வேலைக்குப் பழக்க வாரக்கணக்கில் பிசியோதெரபி வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் அறுவையே வீண். அருகிலுள்ள கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தபோது, டாக்டர்களோடு பிசியோ டெக்னீஷியன்களும், காது மடலைக் கீறி மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் டெக்னீஷியன்களும், உணர்ச்சியற்ற பாதத்துக்கேற்ற மென்ரப்பர்ச் செருப்பைத் தைப்பவர்களும் பயிற்சி பெற்றார்கள். செருப்புத் தைப்பதும் அங்கே ஒரு மருத்துவத் தொழில். பாதத்தில் புண் வராமல் காப்பது அந்தச் செருப்புத்தான். வந்த புண்ணை எந்தப் பேராசிரியரும் சுலபமாக ஆற்றிவிட முடியாது.

மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி. கட்டணம் வாங்குவதில்லை, உதவித்தொகை கொடுக்கிறார்கள். பார்வைத் திறன் அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, லென்ஸின் அளவைக் கணக்கிடுவது, தியேட்டரில் அடுத்த நோயாளியைத் தயாராக வைப்பது, பயந்துபோன பாட்டிக்கு அறுவை என்றால் என்னவென்று அவர் பேச்சிலேயே விளக்குவது எல்லாம் இவர்கள் கையில். டாக்டர் நோயறிவதையும் அறுவையையும் மட்டும் பார்ப்பார். அரவிந்த் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான அறுவைகளைச் செய்ய முடிவதன் ரகசியம் என்ன என்று உலகின் மேலாண்மைப் பள்ளிகள் மதுரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போயின. ரகசியம் அந்தப் பெண்களின் விரல்களில் இருக்கிறது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்றைக் கவனியுங்கள். கற்றுக்கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் ஒருவரே. லென்ஸ் அளவை அந்தப் பெண் தப்பாகக் கணக்கிட்டால் மறுநாள் காலையில் கண் சரியாகத் தெரியாத நோயாளி வந்து நிற்பது கற்றுக்கொடுத்த அதே மருத்துவமனை வாசலில். பாடம் தப்பினால் பழி பாடம் நடத்தியவருக்கு. ஆகவே யாரும் கட்டாயப்படுத்தாமலே பாடம் ஒழுங்காக நடந்தது.

பிறகு என்ன ஆயிற்று? மருத்துவமனைகள் பெருகின. எர்ணாகுளத்தையே பாருங்கள்: 1998-ல் அமிர்தா, 2003-ல் லேக்‌ஷோர், 2014-ல் ஆஸ்டர் மெட்சிட்டி, இடையிலும் பின்னும் எத்தனையோ. எர்ணாகுளம் அரசு ஜெனரல் ஆஸ்பத்திரியே 2023-ல் சிறுநீரக மாற்று அறுவை செய்தது. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒன்று அதைச் செய்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. இவை அனைத்துக்கும் ஆள் வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2012-ல் தயாரித்த ஓர் அறிக்கை, நாடு முழுதும் இத்துறையில் 64 லட்சம் பேர் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. மருத்துவமனைகள் எல்லாமே தாமே பயிற்றுவிக்க முன்வரவில்லை, செலவு, தலைவலி. அரசு இடங்களோ கொஞ்சம். இந்த இடைவெளியில் தனியார் தொழிற்பயிற்சிக் கல்லூரிகள் முளைத்தன. முளைத்ததில் தப்பில்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு மருத்துவமனை கிடையாது. முதல் மாடியில் வகுப்பறை, கீழே மொபைல் கடை. கல்லூரி கட்டணத்தை வாங்கிக்கொள்கிறது. மாணவர் இரண்டு ஆண்டு கழித்து யாரோ ஒருவரின் லேபில், யாரோ ஒரு நோயாளியின் கையில் ஊசியைக் குத்துகிறார். அங்கே நடக்கும் பிழை கல்லூரியின் காதுக்கு எட்டுவதே இல்லை. அங்கே பாடம் நடத்துபவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பிழையின் செய்தி திரும்பி வராத இடத்தில் நல்லவர்கள்கூட மெல்ல அசட்டையாகிவிடுவார்கள் என்கிறேன்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்கா விலை கொடுத்து ஒரு பாடம் கற்றுவைத்திருக்கிறது. கொரிந்தியன் காலேஜஸ் என்ற நிறுவனம் 1995-ல் தொடங்கி நாடெங்கும் கிளை பரப்பியது. மெடிக்கல் அசிஸ்டென்ட் போன்ற படிப்புகள்தாம் அதன் பெரிய சரக்கு. ஏழைகளும் தனியாகக் குழந்தை வளர்க்கும் பெண்களும்தாம் அதன் முக்கிய வாடிக்கையாளர்கள். கட்டணம் அரசுக் கல்விக் கடனிலிருந்து வந்தது. படித்தவர்களில் இத்தனை சதவீதத்தினருக்கு வேலை கிடைத்தது என்று அது வெளியிட்ட கணக்கைக் கல்வித்துறை தோண்டிப் பார்த்தபோது, அதன் ஒரு பிரிவில் மட்டும் 947 இடங்களில் கணக்கு பொய் என்று தெரிந்தது. 2015 ஏப்ரலில் சுமார் 3 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள்; அதே மாதம் நிறுவனம் கதவைச் சாத்தியது; ஏறக்குறைய 16,000 மாணவர்கள் பாதிப் படிப்போடு தெருவில் நின்றார்கள். கடைசியில் 2022-ல் அமெரிக்க அரசு அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி செய்த பணம் மக்களின் வரிப்பணம். கல்லூரிக்குக் கட்டணம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. விளைவு மாணவர்மேல், நோயாளிமேல், வரி கட்டுபவர்மேல் என்று வரிசையாக இறங்கியது. ஆகவே 'வேலை உறுதி' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் உறுதி தருபவர் எதை அடகு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

நம் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? நீண்ட காலம் பார்க்கவே இல்லை. டாக்டருக்கு, நர்சுக்கு, மருந்தாளுநருக்கு நாடளாவிய கவுன்சில்கள் இருந்தன. லேப் டெக்னீஷியனுக்கும் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கும் அப்படி எதுவும் இருக்கவில்லை. கேரளம் முன்பே தனக்கென ஒரு பாராமெடிக்கல் கவுன்சில் வைத்துக்கொண்டது; 2018-ல் இயற்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் வழியே லேபுகளில் யார் வேலை பார்க்கலாம் என்றும் கேட்கத் தொடங்கியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2021 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்பிறகும் மாநிலங்கள் கவுன்சில் அமைக்காமல் இழுத்தடித்தன. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அக்டோபர் 12-க்குள் நடைமுறைப்படுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தச் சட்டத்தில் ஒரு சின்ன எண் இருக்கிறது. பெற்றோர்கள் அதை மனப்பாடம் செய்துகொள்ளலாம். இத்துறையில் குறைந்தபட்சத் தகுதியாகக் கருதும் டிப்ளமோவுக்கோ பட்டத்துக்கோ 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும். அதை இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் பரப்பியிருக்க வேண்டும். ஆறு மாத 'பாராமெடிக்கல் டிப்ளமோ' என்று விளம்பரம் பார்த்தால் கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்கு 6 மணி நேரம், வாரம் 6 நாள், 26 வாரம், ஒரு நாளும் லீவு இல்லை என்று வைத்தாலும் 936 மணி நேரம்தான் வரும். பாதிகூட இல்லை. அஞ்சல் வழியில் இந்தப் படிப்பா என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது: இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் அறிவித்துவிட்டது. நரம்பைத் தொட்டுக் கண்டுபிடிப்பதைக் கைபேசித் திரையில் படிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆனது.

இதற்கு வரும் மறுப்புகளை நான் லேசாகத் தள்ளப்போவதில்லை. முதல் மறுப்பு வறுமையிலிருந்து வருவது. இறால் உரிக்கும் ஷெட்டில் நின்று சம்பாதிக்கும் ஒரு தாய்க்கு இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்பது பெரிய காலம். ஆறே மாதத்தில் மகள் வெள்ளைக் கோட்டு போட்டுச் சம்பளம் கொண்டுவந்தால் என்ன கெட்டுப்போகும் என்று அவர் கேட்பது நியாயமே. குறுகிய பயிற்சி முழுக்கப் பயனற்றது என்று நானும் சொல்லமாட்டேன். இதே கும்பளங்கி 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிப்புப் பெற்றது. 'அவள்க்காயி' திட்டத்தில் ஆயிரக்கணக்கான மாதவிடாய்க் கோப்பைகள் வீடு வீடாகப் போயின. கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அது பரணில் கிடந்திருக்கும். உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, சந்தேகம் தீர்த்த பெண்கள் இருந்ததால் நடந்தது. அந்த வேலைக்கு இரண்டு ஆண்டு டிப்ளமோ வேண்டாம். முதியவர்களைக் குளிப்பாட்டவும் படுக்கைப்புண் வராமல் புரட்டிப்போடவும் சில மாதப் பயிற்சி போதும். 2021 ஜூனில் மத்திய அரசே ஒரு லட்சம் பேருக்கு இரண்டு மூன்று மாத கோவிட் பயிற்சி அறிவித்தது. அவசரத்துக்கு அது சரி. ஆனால் சில மாதப் பயிற்சியின் பெயர் சில மாதப் பயிற்சி என்றே இருக்க வேண்டும். அதை 'டிப்ளமோ இன் மெடிக்கல் லேப் டெக்னாலஜி' என்று அச்சடித்து விற்பதுதான் ஏமாற்று. அந்தத் தாயின் அவசரத்தை மதிப்பவர் அவர் மகளுக்கு எங்கும் செல்லாத தாளைக் கொடுக்கமாட்டார். வளைகுடாவில் உரிமம் கேட்கும்போது சான்றிதழை வழங்கிய இடத்திலேயே நேரடியாக விசாரித்து உறுதி செய்கிறார்கள். இந்தச் சரிபார்ப்பைச் செய்யும் 'டேட்டாஃப்ளோ' நிறுவனத்தின் பெயரைக் கேட்டிராத நர்ஸ் கொச்சியில் இருக்க முடியாது. அங்கே போய்த் தாள் செல்லாது என்று தெரியும்போது ஆறு மாதம் மிச்சப்படுத்தியதன் விலை புரியும்.

இரண்டாம் மறுப்பு என் வாதத்தையே குறிவைக்கிறது. மருத்துவமனையே பயிற்றுவித்த அந்தப் பழைய முறை அவ்வளவு பொற்காலமா? அங்கே கற்றவருக்கு வெளியே செல்லுபடியாகும் சான்று இல்லை. அந்த வளாகத்தை விட்டால் போக்கிடம் இல்லை. குறைந்த சம்பளத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. கற்றுக்கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் ஒருவரே என்றால் பிழையின் பொறுப்பு ஓரிடத்தில் சேர்வதுபோல அதிகாரமும் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். கேரளத்தில் தனியார் மருத்துவமனை ஊழியர்கள் எத்தனை நாள் தெருவில் நின்று 2018-ல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையைப் பெற்றார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பாண்ட் எழுதி வாங்கிச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆகவே பழைய முறைக்கு அப்படியே திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. கை பழகுவது மருத்துவமனையில் நடக்கட்டும். தேர்வும் பதிவும் அந்த மருத்துவமனையின் பிடிக்கு வெளியே இருக்கட்டும். கேரளத்தில் 2010-லிருந்து சுகாதாரப் பல்கலைக்கழகம் இருக்கிறது; எல்.பி.எஸ். மையம் வழியே ஒற்றைச் சாளரச் சேர்க்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு இருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோவில் 'கேரியர் காலேஜ்' எனும் தனியார் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்கென்றே 2005-ல் இயற்றிய சட்டம் உண்டு. ஒப்புதல் பெறாத படிப்பை அங்கே விளம்பரம்கூடச் செய்ய முடியாது. அங்கே ஸ்காபரோவில் அத்தகைய கல்லூரிகளில் பி.எஸ்.டபிள்யூ. என்ற பராமரிப்பு உதவியாளர் படிப்பை முடித்து முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் நம் அக்காமார்கள் அந்தச் சட்டத்தின் நிழலில் படித்தவர்கள். தனியார் கல்லூரி இருப்பதும் அது ஒழுங்காக இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இப்படிக் கெடுபிடி செய்தால் சின்னக் கல்லூரிகள் மூடிக்கொள்ளும், 64 லட்சம் பற்றாக்குறை இன்னும் கூடும் என்பது மூன்றாவது. கல்லூரி நடத்துபவர்கள் விரும்பிச் சொல்லும் வாதம் இது. பற்றாக்குறை எதில் என்று கேட்க வேண்டும். சான்றிதழில் நமக்குப் பற்றாக்குறை இல்லை. கரித்தொட்டி சோர்ந்துவிட்டதா என்று பார்க்கத் தெரிந்த ஆளுக்குத்தான் பற்றாக்குறை. தெரியாத ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் கணக்கில் ஓரிடம் நிரம்பும், யூனிட்டில் அது காலியாகவே இருக்கும். சின்னக் கல்லூரி மூட வேண்டியதும் இல்லை. கருவேலிப்படியிலும் பள்ளுருத்தியிலும் தாலுகா மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசு ஒரு வழி செய்யலாம்: கல்லூரி தன் மாணவர்களை அங்கே அனுப்ப வேண்டுமானால், தன் செலவில் பயிற்றுநர் ஒருவரையும் கூடவே அனுப்பட்டும், மாணவர் செய்யும் ஒவ்வொரு பிழையும் மருத்துவமனையின் ஏட்டில் கல்லூரியின் பெயரோடு பதிவாகட்டும், அந்த ஏட்டைப் பார்த்து அடுத்த ஆண்டு எத்தனை இடம் என்று கவுன்சில் முடிவு செய்யட்டும். ஒரே வரியில் சொன்னால், பிழையின் செய்தியைக் கல்லூரி வாசலுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. மதுரையில் தானாக நடந்ததை இங்கே சட்டத்தால் நடத்த வேண்டியிருக்கிறது.

இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடும், இந்த வேலைகளே இருக்காது என்று சொல்பவர்களும் உண்டு. எக்ஸ்ரே படத்தைக் கணினி படிக்கலாம். மூச்சுத் திணறும் முதியவரைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தி, ஒரு நொடி மூச்சைப் பிடிக்க வைத்துப் படம் எடுப்பது யார்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போகிறார். கேரளத்தின் வீட்டுவழி நோய்தணிப்புச் சேவையும் அப்படியே. மருத்துவம் கட்டடத்தை விட்டு வெளியே வர வர இவர்களுக்கான வேலை கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே சேர்க்கைக்குப் போகும் பெற்றோர்களே, ஏ.சி.யையும் விமானப் படத்தையும் விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். மாணவர் எந்த மருத்துவமனையில், எந்தப் பிரிவில், மொத்தம் எத்தனை மணி நேரம் நிற்பார்? அங்கே அவர் கையைப் பிடித்துக் காட்டுபவர் யார், அவர் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்? தேர்வு நடத்தி மதிப்பெண் போடுவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை? 'கவுன்சில்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சங்கப் பதிவுச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு கவுன்சிலைப் பதிந்துகொள்ளலாம். எக்ஸ்ரே படிப்பென்றால் மாணவருக்குக் கதிர்வீச்சு அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் தருவார்களா என்று கேளுங்கள். சட்டைப் பையளவே உள்ள அந்த வில்லையை ஈய அங்கிக்குள் மார்பில் அணிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். ஊழியருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பதுதான் வரம்பு. படிக்கும் பிள்ளைகளுக்கு வரம்பு அதைவிடக் குறைவு. பேட்ஜ் என்றால் என்ன என்று அலுவலகத்தில் திருப்பிக் கேட்டால் அந்தக் கல்லூரியில் எக்ஸ்ரே இயந்திரம் ஓடுவதில்லை, அல்லது பிள்ளைகளின் உடம்பைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை.

கடைசியாக, நான் வைக்கும் வாதத்தால் நேரடியாக அடிபடக்கூடியவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்து இருபது ஆண்டுகளாகச் சின்ன லேபுகளில், சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பலரிடம் இருப்பது இன்று செல்லாத ஒரு தாள்; ஆனால் கையில் தொழில் இருக்கிறது. குழந்தையின் நரம்பைக் கண்டுபிடிக்கப் பட்டதாரி திணறும்போது அழைப்பது இவர்களைத்தான். பதிவேடு வந்துவிட்டது, தாள் செல்லாது, வீட்டுக்குப் போ என்று சொன்னால், ஏமாற்றிய கல்லூரி தப்பித்து ஏமாந்தவர் இரண்டாம் முறை தண்டனை பெறுவார். எல்லோரையும் அப்படியே பதிந்துவிடுவதும் முடியாது. தெரியாமலே இருபது ஆண்டு தள்ளியவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு எழுத்துத் தேர்வைவிட, ஒரு மருத்துவமனையில் சில நாள் வேலையைச் செய்துகாட்டச் சொல்லும் செய்முறைத் தேர்வே பொருந்தும். தவறியவர்களுக்குத் தவறிய பகுதியில் மட்டும் பயிற்சி கொடுத்து மறுபடி அழைக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கான செலவை, இத்தனை ஆண்டும் அவர்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்து லாபம் பார்த்த லேப் முதலாளிகளிடமிருந்தும் மருத்துவமனைகளிடமிருந்தும் மாநில கவுன்சில் வசூலிக்கலாம்; பதிவுக் கட்டணம் என்ற பெயரில் டெக்னீஷியனின் பையில் கைவைக்க வேண்டியதில்லை.